விளம்பரம் வரும் இடம்

எனக்கு விளம்பரம் என்றாலே ஆகாது, சார். ஒருவர் அக்கறையாக ஒன்றைக் காட்டிக்கொண்டிருக்கும்போது, நடுவில் புகுந்து கழிப்பறை கழுவும் திரவத்தை நீட்டுவது என்ன நாகரிகம்? இதை முதலில் சொல்லிவிடுகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளம்பியது.

என் அக்கா தையல்காரி. சர்க்கரை வியாதி உண்டு. உடைந்த ஊசி முனை ஒன்று குதிகாலில் ஏறி இரண்டு நாள் உள்ளேயே இருந்திருக்கிறது. கால் மரத்துப்போனதால் அவளுக்கே தெரியவில்லை. புண்ணாகிவிட்டது. வாரம் ஒருமுறை வரும் நர்ஸம்மா எனக்குக் கட்டுப் போடக் கற்றுக்கொடுத்தார்.

"கையுறை மாட்டினப்புறம் தேவையில்லாம எதையும் தொடக்கூடாது, தம்பி. போனைத் தொடவே கூடாது."

அந்த விதியை நான் ஒருநாளும் மீறியதில்லை. தேவையான பொருள்களின் மூடிகளைக்கூட முன்பே திறந்து வைத்துவிடுவேன்.

கட்டு மாற்றுவதை ஒருநாள் சும்மா படம் பிடித்து, ஊரே பார்க்கும் அந்தப் பெரிய வீடியோ தளத்தில் போட்டேன். அக்காவுக்கும் சம்மதம்தான். "மூஞ்சி மட்டும் வேணாம்டா" என்றாள். குதிகால் என்பதால் அவள் குப்புறப் படுத்துத் தலையணையில் முகம் புதைத்திருப்பாள். கூட்டம் அள்ளியது. சாப்பிட்டுக்கொண்டே பார்ப்பதாக ஒருவர் எழுதியிருந்தார். இதென்ன பழக்கமோ. இருந்தாலும் நன்றி என்று பதில் போட்டேன். கைபேசிக் கடை வேலையை விட்டுவிட்டு இதையே முழுநேரமாகச் செய்தேன்.

நாலாவது மாதம் புண் ஆறத் தொடங்கியது. அடியில் இளஞ்சிவப்பாகப் புதுச்சதை. "சமத்துப் புண்ணு" என்றார் நர்ஸம்மா. அக்கா அன்றைக்கே தையல் மெஷினைத் துடைத்து எண்ணெய் போட்டாள். பார்க்கிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். 'முன்ன மாதிரி இல்லையே' என்று குறைப்பட்டார்கள். நம்பி வந்தவர்களை ஏமாற்றக் கூடாது என்பது என் கொள்கை.

அந்தத் தளத்தில் விளம்பரம் எந்த இடத்தில் வர வேண்டும் என்று நாமே குறித்துக் கொடுக்கலாம். நான் எப்போதும் கட்டுத்துணியை நனைக்கும் இடத்தில் குறிப்பேன். அந்த நாற்பது நொடியை வெட்டி எடுத்துவிட்டு விளம்பரத்தைச் சொருகினால், காட்சி தாவியது யாருக்கும் தெரியாது. கேமராவை நிறுத்திவிட்டு நனைத்திருக்கலாமே என்பீர்கள். கையுறையோடு போனை எப்படித் தொடுவது?

பிறகு அந்தத் தளம் என் வீடியோக்களுக்கு 'அருவருப்பானது' என்று முத்திரை குத்தியது. விளம்பரம் மட்டும் வழக்கம்போல ஓடும். எனக்குப் பங்கு கிடையாதாம். ஓர் இயந்திரம் என் அக்காவின் காலைப் பார்த்து அருவருப்பு என்று சொல்வதா? அன்று எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

அழுக்குக் கம்பளங்களைக் கழுவி வீடியோ போடும் நண்பர் ஒருவர் உண்டு. அவருக்கும் இதே கதிதான். ஈரக் கம்பளங்கள் தொங்கும் அவருடைய கொட்டகையில் உட்கார்ந்து, வேறு எங்கே போகலாம் என்று பேசினோம்.

"அங்க கூட்டம் இருக்கு, மரியாதை இல்ல. சந்தா கட்டிப் பார்க்கிற புதுத் தளத்துல மரியாதை இருக்கு, கூட்டம் இல்ல. எதுல போய் விழறது?"

"முழுசாப் பார்க்கிற நூறு பேர் போதுங்க. விளம்பரம் தொலைஞ்சா சரி" என்றேன்.

"அப்ப வெட்டின வீடியோவைப் போட்டுடாதீங்க. நடுவுல விளம்பரம் இல்லாட்டி வெட்டு பல்லிளிக்கும்."

நியாயமான பேச்சு. வெட்டு தெரியாமல் ஒட்டுப்போடும் வேலையைத் தொடங்கியிருந்தேன். அதற்குள் அக்காவுக்குக் காய்ச்சல் கண்டது. மருத்துவமனையில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மூன்றாம் நாள் மத்தியானம் அவள் சுவரையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். மனசு கேட்கவில்லை. அவள் என் வீடியோ ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. "விளம்பரம் வந்தாலே மூடிடுவேன்டா" என்பாள். அவளுக்காகவே வராந்தா பெஞ்சில் உட்கார்ந்து, புதுத் தளத்தில் முதல் வீடியோவை ஏற்றினேன். மடிக்கணினியில் 'வெட்டினது', 'முழுசு' என்று இரண்டு கோப்புறைகள். கம்பளக்காரர் பேச்சு காதிலேயே இருந்ததால் கை 'முழுசு' பக்கம் போய்விட்டது. சரிபார்க்காமல் போனை அவள் கையில் கொடுத்தேன். பெருமையாகத்தான் கொடுத்தேன்.

அதில் என் கை மேசைக்கு அடியில் போய் ஒரு ஜாம் பாட்டிலை எடுக்கிறது. கோழி கழுவிய தண்ணீர், நாலு நாள் பழையது, மேலே ஆடை கட்டியிருக்கும். கட்டுத்துணியை அதில் நனைக்கிறேன், பிழிகிறேன், புண்ணுக்குள் வைத்து அழுத்துகிறேன். தலையணைக்குள்ளிருந்து அக்காவின் குரல் கேட்கிறது.

"ஏதோ நாறுதேடா. ஆறிடுச்சா?"

"மருந்து வாடைக்கா. இன்னும் கொஞ்ச நாள்தான்."

அவள் ஒரு நொடியைக்கூடத் தள்ளிவிடாமல் கடைசிவரை பார்த்தாள்.

"அந்த பாட்டில்ல என்னடா?"

அக்காவிடம் நான் பொய் சொல்வதில்லை. சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்க்காமல் தலைமாட்டிலிருந்த மணியை அழுத்தினாள், விரலை எடுக்கவே இல்லை. அப்புறம் ஸ்டேஷனிலிருந்து நீங்கள் வந்தீர்கள்.

ஆமாம், நான்தான் செய்தேன். எழுபத்தொரு முறை. ஆனால் ஒவ்வொரு முறையும் அளவாகத்தான், ஆறவிடாமல் வைத்திருக்கிற அளவுக்குத்தான். காலை எடுக்கும்வரை போகும் என்று நினைக்கவில்லை. எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். என்னைச் சீக்கிரம் விட்டுவிட்டால் மட்டும் நல்லது, சார். எடுத்த இடத்துக்குத் தினமும் கட்டு மாற்ற வேண்டும். என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?