கசியாத பெட்டி

காபி வேண்டாம் சார். கோபித்துக்கொள்ளாதீர்கள். பிசின் வேலை செய்பவனுக்கு மூக்கு எப்போதோ செத்துப்போயிருக்கும். எதைக் குடித்தாலும் வெந்நீர் மாதிரிதான் இருக்கும். உங்கள் போலீஸ் அறிக்கையில் ஒரு சின்னத் திருத்தம் சொல்லத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். சொல்லிவிட்டு உங்கள் இஷ்டப்படி இருக்கிறேன்.

அடக்கத்தன்று என் தோளில் கைவைத்து நீங்கள் சொன்னது ஞாபகம் இருக்கும். “பெட்டியில ஒட்டு எங்கயோ விட்டுப்போச்சு டெல்பர்ட். கை தவறாத ஆளு யாரு இருக்கா? உங்களையே போட்டு வருத்திக்காதீங்க.” அன்பாகத்தான் சொன்னீர்கள். பக்கத்தில் நின்றவர்களும் தலையாட்டினார்கள். அதற்குப் பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சர்ச்சுப் பெண்கள் கொண்டுவந்த பிரிஸ்கெட் இறைச்சித் தட்டு மூடியபடியே கிடக்கிறது.

லப்பக் ஊர்ப் பக்கத்தில் டிரக்கில் பாஸ் என்கிற அடித்தொனி அதிர வேண்டும் என்று நினைப்பவன் கடைசியில் என் பட்டறைக்குத்தான் வருவான். பின் சீட்டுக்குப் பின்னால் உள்ள இடுக்கில் கச்சிதமாக உட்காரும்படி ஃபைபர் கிளாஸில் சப்ஊஃபர் ஸ்பீக்கருக்குப் பெட்டி வார்ப்பேன். கடைப்பெட்டி சதுரமாக இருக்கும். டிரக்கின் முதுகோ வளைந்து நெளிந்து இருக்கும். அந்த முதுகில் டேப் ஒட்டி, மெழுகு தடவி, கண்ணாடி இழை விரித்து, பிசின் பூசி அச்செடுக்க வேண்டும். காய்ந்ததும் முன்பக்கம் துணியை இழுத்துக் கட்டி அதற்கும் பிசின். பிறகு உப்புத்தாள், மறுபடியும் உப்புத்தாள். முடிந்ததும் பெட்டிக்குள் ஒரு விளக்கைப் போட்டு இருட்டில் பார்ப்பேன். ஊசிமுனை வெளிச்சம் தெரிந்தாலும் முதலிலிருந்து தொடங்குவேன். இது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

ராய்ஸ் என் தங்கை ரோண்டாவின் புருஷன். வாய் பெரியது, கை சோம்பேறி. போன வருஷம் பருத்தி ஆலை மைதானத்தில் நடந்த சத்தப் போட்டியில் என் பெட்டியை வைத்துத்தான் கோப்பை வாங்கினான். மைக்கை நீட்டி, யார் செய்தது என்று கேட்டார்கள். தானே தன் கராஜில் செய்ததாகச் சொன்னான். வாழ்நாளில் பிசின் தூரிகையைப் பிடித்தறியாத ஆள். ரோண்டா பக்கத்தில் நின்று கைதட்டினாள். பிறகு நான் அதைப் பற்றிப் பேச்செடுத்தபோது சிரித்தாள்.

“ஒரு ஸ்பீக்கர் பெட்டிக்கா அண்ணா இவ்ளோ மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க?”

எனக்குக் கோபமே வரவில்லை. அதை நீங்கள் அப்படியே எழுதிக்கொள்ளலாம். அவள் சின்ன வயதிலிருந்தே அப்படித்தான், எதையும் விளையாட்டாகத்தான் எடுத்துக்கொள்வாள். எனக்கு அவள்மேல் உயிர்.

இந்த வருஷம் ராய்ஸ் பழைய பிக்கப் ஒன்றை வாங்கிக்கொண்டு கூச்சமே இல்லாமல் வந்து நின்றான். வண்டி உறும வேண்டும் என்பதற்காக, புகையைச் சுத்தம் செய்யும் பாகத்தை முன்பே கழற்றி எறிந்திருந்தான். “மச்சான், போன தடவை கோப்பை. இந்தத் தடவை கண்ணாடி தெறிக்கணும்” என்றான். செய்துவிடலாம் என்றேன்.

பாஸ் பெட்டிக்கு ஒரு வாய் இருக்கும். ஸ்பீக்கர் முன்னும் பின்னும் துடிக்கும்போது அந்த வாய் வழியாகக் காற்று போய்வரும்; பெட்டி மூச்சு விடுகிறது என்று நாங்கள் சொல்வோம். நான் அந்தப் பெட்டிக்கு இரண்டாவது வாய் வைத்தேன். அது தரையைத் துளைத்துக்கொண்டு கீழே, புகைக்குழாய் பக்கமாகத் திறந்தது. குழாயில் செய்ய வேண்டியதையும் செய்தேன். ஒவ்வோர் அடிக்கும் பெட்டி கீழே இருப்பதை உறிஞ்சி உள்ளே விடும். சத்தம் கூடக்கூட மூச்சும் கூடும். இன்னொரு வாய் வைத்தால் அழுத்தம் குறைந்துவிடும் என்று எவன் வேண்டுமானாலும் சொல்வான். குறையாமல் செய்வதுதான் வேலை. நான் செய்ததிலேயே ஆகச் சிறந்த பெட்டி அதுதான்.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு சார். பாஸ் கேட்டுத் தலை கிறுகிறுத்தால், குமட்டினால், அதைப் பெட்டிக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொள்வார்கள். ராய்ஸ் அந்த வாரம் முழுக்க என்னைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சொன்னான்.

“தலை பொளக்குது மச்சான். காலைல வாந்தியே வந்துருச்சு. என்னா பெட்டி போ.”

ஜன்னலைத் திறந்துவைத்து ஓட்டு என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் கேட்டிருக்க மாட்டான்.

போட்டியன்று வெயில் கொளுத்தியது. மின்சாரம் இறங்காமல் இருக்க இன்ஜினை உறுமவிட்டு, கண்ணாடிகளை ஏற்றி, கதவுகளைச் சாத்திக்கொண்டுதான் பாட்டை ஓடவிடுவார்கள். முன்கண்ணாடியில் சத்தத்தை அளக்கும் அழுத்தமானி இருக்கும்; அதில் அதிக எண் காட்டுபவனுக்குத்தான் கோப்பை. ராய்ஸ் தனியாகத்தான் உட்காருவான் என்று நினைத்திருந்தேன். ரோண்டாவுக்கு அந்த இரைச்சலே ஆகாது. அவள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டாள்.

அன்று வந்தாள். தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு வந்தாள். பாஸ் காற்றில் பெண்களின் முடி பறப்பதைக் கூட்டம் ரசிக்கும். ஏறுவதற்கு முன் என் கையைப் பிடித்தாள்.

“அவர்கிட்ட சண்டை போட்டுட்டேண்ணா. பாட்டு முடிஞ்சதும் மைக்குல உன் பேரைச் சொல்லுவாரு. நான் உள்ள உக்காந்து கேக்குறேன், சரியா?”

சரி என்றேன். அவளே கதவைச் சாத்தினாள்.

பாட்டு தொடங்கியது. முடி பறந்தது. அவள் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்துக் கட்டைவிரலைக் காட்டினாள். பாட்டுக்கு மேல் பாட்டு வைத்தான் ராய்ஸ். கொஞ்ச நேரத்தில் அவள் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள், கூட்டம் ஆரவாரித்தது. அவள் தலை சாய்ந்தது, இன்னும் ஆரவாரித்தது. எனக்குப் பக்கத்தில் நின்றவன் என் முதுகில் தட்டி, “பாரு, பெட்டி ஆளையே சாய்ச்சிருச்சு” என்றான்.

நான் கதவு வரைக்கும் போனேன் சார். அதை நீங்கள் எழுத வேண்டும். கைப்பிடியில் கையும் வைத்தேன். ஆனால் பாட்டின் நடுவில் கதவைத் திறந்தால் அழுத்தம் இறங்கிவிடும், எண் செல்லாது. எங்களில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள். அங்கிருந்து மானி எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஏறிக்கொண்டே இருந்தது. அப்படி ஓர் எண்ணை அந்த மைதானத்தில் யாரும் பார்த்ததில்லை. பாட்டு முடியட்டும் என்று நின்றேன். என் பெயரைச் சொல்லப்போகிறான் அல்லவா.

பாட்டு முடிந்தது. யாரும் இறங்கவில்லை.

ரோண்டாவைப் பற்றி எனக்கு மனசாட்சி உறுத்தவில்லை என்று நினைக்காதீர்கள். உறுத்துகிறது. அதனால்தான் வந்தேன். அவள் அண்ணன் அரைகுறை வேலை செய்து அவளைக் கொன்றான் என்று ஊர் பேசுவதை அவள் தாங்கமாட்டாள்.

புகை பெட்டி வழியாகத்தான் வந்தது என்று கண்டுபிடித்தீர்கள், அதுவரை சரி. ஆனால் ஒட்டு விட்டது என்று முடிவுகட்டிவிட்டீர்கள். பெட்டியை வெட்டிப் பாருங்கள். அடியில் இருக்கும் அந்த வாயின் விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள், வழுவழுவென்று இருக்கும். உள்ளே விளக்கைப் போட்டும் பாருங்கள். அந்த ஒரு வாயைத் தவிர வேறு எங்கும் வெளிச்சம் வராது. அதை வேண்டுமென்றே வைத்தவன் நான். இரண்டு பேரையும் கொன்றவன் நான்தான் என்று எழுதிக்கொள்ளுங்கள், சார். என் பெட்டி கசிந்தது என்று மட்டும் எழுதாதீர்கள்.