ஹால்வர் மேட்டில் மேப்பிள் வேண்டாம்

மேடையில் வீற்றிருக்கும் போதகர் அவர்களே, ஊராட்சித் தலைவர் மைரன் ஹாகே அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும், ஹால்வர் அண்ணனின் மனைவி வெர்னா அக்கா அவர்களே, ஊர்ப் பெருமக்களே, வணக்கம்.

நான் தீயை அணைக்கிறவன். ஹால்வர் ப்ரெக்கே தீயை வைக்கிறவர். அவருடைய நினைவுக் கூட்டத்தில் பேச என்னையா அழைத்தீர்கள்!

முதல்முறை அவர் மேட்டில் புகையைப் பார்த்து, சங்கு அலற வண்டியில் பாய்ந்தேன். அந்தப் பெருந்தகை என்ன சொன்னார்?

"வாய்யா ஆர்லின், வண்டிய ஓரமா நிறுத்து. காப்பி சூடா இருக்கு. தீ ஓடைக்கரையில தானா நின்னுடும்."

"மரம் எரிஞ்சிடாதாண்ணே?"

"ஓக்குக்குத் தோல் தடிமன்டா, உன்னை மாதிரி."

நின்றது தீ! நின்றன ஓக் மரங்கள்! சருகும் புதரும் மட்டுமே எரிந்தன. சில வாரங்களில் கரிய மண்ணிலிருந்து புல் எழுந்தது, வெயில் பட்ட இடமெல்லாம் ஓக் கன்று தலைகாட்டியது. புல்லும் ஓக்கும் தழைக்கத்தான் ஆண்டுதோறும் அவர் தீ வைத்தார்; ஆண்டாண்டாய் அதைப் பார்த்துத்தான் அவர் பக்கம் சேர்ந்தேன்.

இப்போது வெளியே பாருங்கள். அவர் நினைவாக அவர் மேட்டிலேயே நட, தொட்டி தொட்டியாக மேப்பிள் கன்றுகள்! ஐயோ, மேப்பிளா? தன் நிழலில் ஓக் கன்றை வளரவிடாத மரமல்லவா அது! அந்தப் புல்லும் போய்விடும், புல்லின் வேர் உண்டாக்கிய மண்ணும் மாறிவிடும். வாழ்நாள் முழுதும் அவர் வெட்டி எறிந்ததை அவர் பெயரிலேயே நடுவதா?

வாசலில் மைரன் என்னைக் கேட்டார்: "ஏம்பா, செத்தவரு பேருல மரம் நட்டா அதுவும் குத்தமா? நெருப்ப விட இது நல்லதுதானே?"

உங்கள் அன்பில் குறையில்லை, தலைவரே. உங்கள் வீடு அந்த மேட்டின் அடியில் இருக்கிறது, உங்களுக்குப் பயம். எனக்கும் பயம்தான். ஆனால் பசும்புல் தழைத்துவிட்டால் பிறகு இந்த ஆண்டு மேட்டில் தீ வைக்கவே முடியாது. நாளை காற்றும் வாகாக இருக்கும். மேடு இனி வெர்னா அக்காவுடையது. கன்றா, தீயா? அவர்தான் சொல்ல வேண்டும்.

அக்கா, என்ன சொல்கிறீர்கள்? உரக்கச் சொல்லுங்கள், பின்னால் கேட்கவில்லை.

"அந்தத் தொட்டியெல்லாம் திருப்பி வண்டில ஏத்தச் சொல்லு. நாளைக்குக் காப்பி நான் போடுறேன்."

கேட்டீர்களா, அவையோரே! ஹால்வர் அண்ணே, நாளைக் காலை பந்தம் என் கையில். தண்ணீர் வண்டியை மைரன் வீட்டு வாசலிலேயே நிறுத்துகிறேன். என்னோடு மேடேற யார் யார் வருகிறீர்கள்? எழுந்து நில்லுங்கள்!