பாதி மிட்டாய்

நெருங்கி உட்காருங்கள். யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள்... காற்றுக்காகச் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

என் கூட்டாளியின் தம்பிக்கு நடந்தது இது. தேயிலை ருசி பார்ப்பது அவன் தொழில். ஒரு மடக்கு உறிஞ்சித் துப்பினால் போதும், எந்தத் தோட்டம், எந்த மாதம் பறித்தது என்று சொல்லிவிடுவான். அந்த நாக்குதான் அவனுக்குச் சோறு போட்டது. மனைவி இறந்த அன்று அதுவும் செத்துப்போனது. அழுகையும் வரவில்லை, ருசியும் தெரியவில்லை. நான்கு மாதம் எப்படியோ சமாளித்தான். "திங்கக்கிழமைக்குள்ள சரியாகலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று முதலாளி சொல்லிவிட்டார்.

சின்ன வயதில் காய்ச்சல் வந்து நாக்கு கசந்தால், சொந்த ஊரில் ஒரு மிட்டாய்க் கடைக்கு அழைத்துப் போவார்கள். அங்கே போய்ப் பார்க்கலாம் என்று சனிக்கிழமை கிளம்பினான்.

மதியம் பன்னிரண்டரை மணி. பேருந்து இறக்கிவிட்ட சாலையில் ஈ காக்கை இல்லை. அவன் நிழலே காலடியில் பதுங்கிக் கிடந்தது.

கடை பூட்டி இருபது வருடமாகிறது என்று சொல்லப்போகிறேன், அதைத்தானே எதிர்பார்க்கிறீர்கள்? இல்லை. திறந்துதான் இருந்தது. இன்றும் இருக்கிறது. நூறு வருடக் கடை. பில்கூடத் தருகிறார்கள்.

காய்ச்சிய சர்க்கரை வாசனை... மூக்கில் ஏறியது, நாக்குக்கு இறங்கவில்லை. கண்ணாடி ஜாடிகளுக்குப் பின்னால் கடைக்காரர். அந்தக் கடையில் ஒரு வழக்கம். மாதிரிக்கு ஒரு மிட்டாயைச் சின்னச் சுத்தியலால் இரண்டாக உடைப்பார். பாதி வாங்க வந்தவருக்கு, பாதி கூட வந்தவருக்கு. இருவருக்கும் பிடித்தால்தான் எடை போடுவார். புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை மூளாமல் வியாபாரம் செய்கிற அந்தச் சாமர்த்தியம் எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் கிடையாது.

இவன் தனியாகத்தான் போயிருந்தான்.

டொக்.

எலுமிச்சை மிட்டாய். ஒரு பாதியை இவன் கையில் வைத்தார். இன்னொரு பாதியை இவனுக்கு இடப்பக்கமாக, தோள் உயரத்துக்கு நீட்டினார்... நீட்டியபடியே நின்றார்.

அவர் கை காலியானது.

காதருகே... கடக். பிறகு நொறுநொறுவென்று மெல்லும் சத்தம். சப்பிச் சாப்பிடும் பொறுமை அவன் மனைவிக்கு என்றைக்குமே கிடையாது.

திரும்பிப் பார்க்கவில்லை. பயமா என்றால் அதுவும் இல்லை. மரத்துப்போயிருந்தான். தன் பாதியை வாயில் போட்டான். சுள்ளென்று புளித்தது. நான்கு மாதத்துக்குப் பிறகு... ருசி.

"எனக்குப் பிடிச்சிருக்கு."

கடைக்காரர் இடப்பக்கம் காது கொடுத்துக் கேட்டார். உதட்டைப் பிதுக்கினார். "அம்மாவுக்கு ஒண்ணுமே தெரியலையாம் தம்பி. கண்ணாடிச் சில்லை மெல்லற மாதிரி இருக்காம்."

"வேற ஏதாவது குடுத்துப் பாருங்களேன்."

"எதைக் குடுத்தாலும் ஒரு நாக்குக்குத்தான் ருசி. யாருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

எங்கள் வீட்டு ஆட்கள் என்றால் அங்கேயே நாற்காலியை இழுத்துப் போட்டு, ஆளுக்கு ஆறு மாதம் என்று பேசி முடித்திருப்போம். இவனுக்குப் பேரம் பேச வராது. வாயிலிருந்த மிட்டாயை எடுத்தான். இடப்பக்கம் நீட்டினான்...

விரலில் உதடு பட்டது. சில்லென்று இருந்ததாம்.

மறுநாள் மாலை அண்ணன் வீட்டுக்கு வந்து எங்களிடம் இதையெல்லாம் சொன்னான். குரலில் ஏற்றமில்லை, இறக்கமில்லை. அண்ணி டீ கொண்டுவந்து வைத்தாள். நான் ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை மெல்லக் கீழே வைத்தேன். அவன் மடக் மடக்கென்று முழுவதையும் குடித்தான். முகத்தில் ஒரு சுளிப்பு இல்லை. வேலை போனது போனதுதான் என்று கூட்டாளி என்னைப் பார்த்தார்.

அப்போது தம்பி, இடப்பக்கத்துக் காலி நாற்காலியை நோக்கிக் கொஞ்சமாகத் தலையைச் சாய்த்தான். கேட்டான்... தலையாட்டினான்.

"அண்ணி, சர்க்கரைக்குப் பதிலா உப்பைப் போட்டுட்டீங்களாம். இவ சிரிக்கிறா."