ஒன்று புள்ளி ஒன்பது

சாமைச் சோறு எனக்கு ரொம்பப் பிடிக்கும். வாணியம்பாடியிலிருந்து லேப் வேலைக்காக ஜமுனாமரத்தூர் வந்த பிறகுதான் அந்த ருசி பழகியது. ரத்தம் கொடுக்க வரும் மலைச் சனங்கள் ஆளுக்கு ஒரு படி கொண்டுவந்து மேசைக்கடியில் வைத்துவிட்டுப் போவார்கள். வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை.

விசாரணையில் இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது, சார். சாமையில் மெக்னீசியம் உண்டு. சர்க்கரை நோயாளிகளுக்கு அது சிறுநீரோடு போய்விடும். குறைந்தால் கால் நரம்பு இழுக்கும். ரொம்பக் குறைந்தால் இதயத் துடிப்பே தப்பும். அதனால் கால் இழுக்கிறது என்று வரும் சர்க்கரைக்காரர்களுக்கெல்லாம் டாக்டர் சரவணகுமார் அந்தப் பரிசோதனையை எழுதிவிடுவார். பரிசோதிக்கும் திரவமோ போளூரிலிருந்து பஸ்ஸில் வர வேண்டும். பாதி நாள் வராது. சாமை தின்கிறவர்களுக்கு இது எங்கே குறையப்போகிறது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். திரவம் இல்லாத நாட்களில் 1.9 என்று எழுதினேன். யாரையும் பயமுறுத்தாத எண் அது. முப்பது பேருக்காவது எழுதியிருப்பேன். எல்லாரும் சந்தோஷமாகத்தான் ஊருக்குத் திரும்பினார்கள்.

சர்க்கரை நோய்க்காரரான பாஞ்சாலை வந்தது ஒரு திங்கட்கிழமை. கூடவே அவர் புருஷன் சடையன்.

"படுத்தா காலு இழுக்குதும்மா. நெஞ்சு வேற படபடன்னு அடிச்சுக்குது" என்றார் பாஞ்சாலை.

ரத்தம் எடுத்துக்கொண்டே, "சாமை சாப்புடுறீங்கதானே?" என்று கேட்டேன். மனசாட்சிக்காக ஒரு கேள்வி.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத எங்கம்மா நாங்க துன்றோம்? வெளைஞ்சத வித்துட்டு ரேஷன் அரிசிதான் பொங்குறோம். ஒனக்குன்னுதான் ஒரு படி எடுத்தாந்தேன்."

காதில் விழுந்தது. விழவில்லை என்று சொல்ல மாட்டேன். பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு 1.9 என்று டைப் செய்தேன். டாக்டர் அந்தச் சீட்டை நம்பி, வலிக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார். அவர்மேல் தப்பில்லை.

புதன்கிழமை திரவம் வந்துவிட்டது. பாஞ்சாலையின் ரத்தத்தில் மிச்சம் பிரிட்ஜில் இருந்தது. யாரும் சொல்லாமல் நானாகவே அதைப் போட்டுப் பார்த்தேன். இதை எனக்குச் சாதகமாக நீங்கள் எழுதிக்கொள்ளலாம். 0.8 வந்தது. மறுபடி போட்டேன், அதேதான். ஆஸ்பத்திரியில் சேர்த்து மெக்னீசியம் ஏற்றினால் பிழைத்துக்கொள்வார் என்பது எனக்குத் தெரியும். சடையனின் போன் நம்பரும் சீட்டிலேயே இருந்தது.

போனைக் கையில் எடுத்தேன். அப்படியானால் முதல் சீட்டு எப்படி வந்தது என்று டாக்டர் கேட்பார். மற்ற முப்பது சீட்டையும் கிளறுவார்கள். கண்ணமங்கலத்தில் எனக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்த நேரம் அது. போனை வைத்துவிட்டு, ரத்தத்தைத் தொட்டியில் ஊற்றிக் குழாயைத் திறந்துவிட்டேன். தொட்டியைச் சோப்புப் போட்டும் கழுவினேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சார். உங்கள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு என்னவோ பயம் மட்டும்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை பாஞ்சாலை வீட்டு வாசலில் விழுந்து இறந்துபோனார். எனக்கு முழுசாக இரண்டு நாள் அவகாசம் இருந்திருக்கிறது.

காரியம் முடிந்து சடையன் அந்தச் சீட்டோடு லேபுக்கு வந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் அப்போதே ஒப்புக்கொண்டிருப்பேன் என்றுதான் இப்போதும் எனக்குத் தோன்றுகிறது. அவர் மெதுவாகக் கேட்டார்.

"கௌசரம்மா, இதுல எல்லாம் நார்மல்னுதானே போட்டுக்குது? அப்புறம் இன்னாம்மா ஆச்சு அவளுக்கு?"

"வயசாயிடுச்சு இல்லீங்களா" என்றேன்.

அவர் சீட்டை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். பிறகு தலையாட்டி, என்னைக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

பாஞ்சாலைக்கு நாற்பத்தொரு வயது. அதை மட்டும் சீட்டில் சரியாகத்தான் எழுதியிருந்தேன்.