காபி வராத பிப்ரவரி

— வெளிய போய் ஃபிளாஸ்க்கை எடுத்துட்டு வா ரோல்ஃப் மச்சான். படம் முடிஞ்சிருச்சு, காபி இல்லாம எப்படி?

— இந்த வருஷம் காபி இல்ல வெண்டல். முதல்ல மூஞ்சியைத் தொடை.

— புகை மச்சான். கண்ணு எரியுது.

— கேளு மாப்ள, இது கேஸ் ஹீட்டர். இதுல எங்கேருந்துய்யா புகை வருது? பதினோரு வருஷமா இதே பொய்யி. படத்துல அந்த ரயில்காரன் கடைசி வாட்டி தன் வீட்டைத் தாண்டும்போது மூணு தடவை ஹாரன் அடிப்பான், பொண்டாட்டி ஜன்னல்ல விளக்கு எரியாது, உடனே உனக்குப் புகை வந்துரும்.

— உனக்கு மட்டும் என்னவாம்? விளக்கு எரியலேன்ன உடனே ஏரி ஐஸ்ல மீன் பிடிக்கப் போட்ட ஓட்டைக்குள்ள தலையை விட்டு மீன் தேடுற. தூண்டில்ல இரையே மாட்டல நீ.

— ஆம்பளை அழுதா மீன் யார்கிட்டயும் போய்ச் சொல்லாது பாரு, அதான்.

— அதெல்லாம் விடு. மணி என்ன?

— பன்னெண்டரை.

— நல்லது. உன் தங்கச்சி மூணு மணிக்குத்தானே வண்டில சாமான் ஏத்துறேன்னா? மச்சான், எனக்காக ஒண்ணே ஒண்ணு செய். மார்லிஸ்கிட்டப் போய் நான் அழுவேன்னு சொல்லு.

— என்னது?

— ‘நீ ஒரு கல்லு, உன்கூட இனிமே என்னால முடியாது’ன்னுதானே போறா. டெரிக்கை அடக்கம் பண்ணின அன்னைக்கு சர்ச்சுக்குக் கீழ இருக்கிற ஹால்ல ஊரே அழுதுட்டிருந்துச்சு. பெத்தவன் நான் என்ன பண்ணேன்?

— நாற்காலியை மடிச்சு அடுக்குன. ஒருத்தரையும் தொட விடல, நூத்தியிருபதையும் நீயே அடுக்குன. அவ உன் தோள்ல சாய வந்தா. ‘ரோட்ல பனி இறுகுது, கிளம்பலாம்’னு சொல்லிட்ட.

— பத்தொம்போது வயசுப் புள்ளை மச்சான். நானும் ஒடைஞ்சுட்டா அவளை யாரு தாங்குறது? தாங்குறதா நெனைச்சுக்கிட்டேன்யா. ஆறு வருஷமா வீட்ல ஒரு சொட்டு விடல. இங்க வந்து, இந்தப் படத்தைப் போட்டாத்தான் வருது. முன்னாடியெல்லாம் அந்த ரயில்காரனுக்காக அழுதேன். இப்ப அந்த ஜன்னல் எனக்கு டெரிக் ரூம் ஜன்னல். ராத்திரி லைட்டை அணைக்காமத் தூங்குறானேன்னு திட்டிக்கிட்டே இருப்பேன், ஞாபகம் இருக்கா?

— இருக்கு. இதை ஏன்யா அவகிட்ட சொல்லல?

— இந்த மீன்பிடி குடிசைல நடந்தது குடிசையோடன்னு சட்டம் போட்டது நீதானே! டெரிக் எட்டு வயசுல எழுதுன போர்டு இன்னும் கதவுல தொங்குது, ‘பொம்பளைங்க உள்ள வரக் கூடாது’ன்னு. அழுதுட்டு, மூஞ்சியை ஐஸ் தண்ணில கழுவிட்டு, ரெண்டு மீனோட வீட்டுக்குப் போவேன். ‘நல்லா மாட்டுச்சா?’ன்னு கேப்பா. ‘ம்’னுவேன். அவ்வளவுதான் எங்க பேச்சு. எந்திரி மச்சான். இப்பப் போனா ஏரியைத் தாண்டி அரை மணி நேரம். நீ சொன்னா நம்புவா.

— உக்காரு மாப்ள.

— நேரம் ஆவுதுய்யா.

— அவ போயிட்டா.

— எங்க?

— துலூத் டவுனுக்கு. நாம இங்க கிளம்பி வந்ததுமே, காலைல ஏழு மணிக்கே போயிட்டா. உன்கிட்ட மூணு மணின்னு சும்மா சொன்னா. நீ வாசல்ல நின்னுக்கிட்டு ‘ரோடு வழுக்கும், பாத்துப் போ’ன்னு சொல்லுவியாம். அதைக் கேட்டுட்டு அவளால வண்டியை எடுக்க முடியாதாம்.

— தெரிஞ்சுக்கிட்டே என்னை உக்கார வச்சுப் படம் போட்டியா? பாவி!

— எப்படிச் சொல்றதுன்னு தெரியல. நீ காபி கேட்டதும்தான் இனிமே மறைக்க முடியாதுன்னு ஆயிருச்சு.

— காபிக்கும் அவளுக்கும் என்ன சம்பந்தம்?

— கேளு மாப்ள. நான் என்னைக்காவது காபி போட்டுப் பாத்திருக்கியா? எனக்குச் சுடுதண்ணியே தீஞ்சுரும்.

— படம் முடிஞ்சதும் உன் வண்டிலேருந்துதானே எடுத்துட்டு வருவ. மூணு கப்போட. ரெண்டு பேருக்கு மூணு கப்பு, எண்ணத் தெரியாத பயன்னு வருஷா வருஷம் உன்னைக் கிண்டல் பண்ணுவேனே.

— வண்டிலேருந்து இல்ல. டெரிக் போன அடுத்த குளிர்லேருந்து அவதான் ஏரி மேல நடந்தே கொண்டாருவா. கதவுக்கு வெளிய நின்னு, நீ அழுது முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருப்பா. அப்புறம் ஃபிளாஸ்க்கை என் கையில குடுத்துட்டு, வந்த வழியே திரும்பிப் போயிருவா.

— வெளியவா? அந்தக் குளிர்லயா? ஏன்யா என்கிட்ட சொல்லல?

— ‘சொல்லாத அண்ணா, அவரா கதவைத் திறந்து கூப்பிடட்டும்’னு சத்தியம் வாங்கியிருந்தா. மூணாவது கப்பு அவளுக்கு மாப்ள.