அடிக்காத மணி

அன்று எங்கள் முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர்: மாணிக்கமாகிய நான், நர்ஸ் பிரபாவதி, பங்காளி மகன் சின்னராசு, பிரசவ வலியோடு அவன் மனைவி பெருமாயி. மழைக்கு இதமாக எல்லோருக்கும் சுக்குக் காப்பி கொடுத்தேன். வந்தவர்களை வெறும் வயிற்றோடு உட்கார வைப்பது எங்கள் குடும்பத்தில் வழக்கமில்லை.

மலைமேல் எங்கள் ஊர்கள் சேர்ந்த திண்ணனூர் நாட்டில் கம்ப்யூட்டர் வந்த முதல் ஊடு எங்களுடையது. 2005இல் அதை வைத்தவன் என் மகன் பூபதி, சேலத்தில் வேலை. இங்கே நர்ஸ் தட்டும் செய்தி கூரைமேல் இருந்த ஆன்டெனா வழியாக அடிவாரத்து டாக்டருக்குப் போகும். ஜீப் மேலே வரும். ஆன்டெனாவின் ஒயர் கம்ப்யூட்டரின் போர்ட்டில் செருகியிருக்கும். ஆன்டெனா அணைந்தால் போர்ட் விழும், அதாவது எதிரே ஒன்றும் இல்லை என்று காட்டும். உடனே கம்ப்யூட்டர் பூபதி எழுதிய புரோகிராமுக்குத் தகவல் சொல்ல, அது மணியடிக்கும். மணி கேட்டால் ஜீப்புக்குக் காத்திருக்காமல் டோலி கட்டித் தூக்கிப் போக வேண்டும். நல்ல ஏற்பாடு. மகன் என்பதற்காகச் சொல்லவில்லை.

மலையில் எங்களுக்குப் பக்கத்துக் குண்டூர் நாட்டிலிருந்து பூபதிக்குப் பெண் தர வந்தவர்கள் பந்தியில் உட்கார்ந்தபோது மணி அடித்தது.

"இது எதுக்குங்க அடிக்குது?" என்றார் பெண்ணின் அப்பா.

"மாப்பிள்ளை போட்ட லைன் செத்துப்போச்சுங்க, அதுக்குத்தான்" என்றான் பக்கத்து இலையில் இருந்த எங்கள் ஊர்க் குழந்தைசாமி. "தினம் மூணு தடவை சாவுமுங்க. நாங்க அழுவறதை உட்டுட்டோம்."

பந்தியே சிரித்தது. ரசம் கேட்டுக்கொண்டே நானும் சிரித்தேன். யோசித்துச் சொல்கிறோம் என்று எழுந்து போனார்கள்.

எதிரே ஒரு பெட்டி உயிரோடு இருக்கிறதா என்பது மட்டும்தான் போர்ட்டுக்குத் தெரியும் என்று பூபதி எப்போதோ சொல்லியிருந்தான். அலமாரியில் அவன் வைத்திருந்த சிறிய பெட்டி ஒன்றைக் கம்ப்யூட்டருக்கும் ஆன்டெனா ஒயருக்கும் நடுவில் செருகினேன். கரண்ட் இருக்கும்வரை அதன் பச்சை விளக்கு எரிந்தது. ஆன்டெனா செத்தாலும் போர்ட் விழவில்லை. இரண்டு மாதம் ஊடு அமைதியாக இருந்தது. குண்டூரிலிருந்து சம்மதம் வந்தது. நிச்சயத்துக்கு நாள் குறித்தோம்.

நிச்சயத்துக்கு முந்தின நாள் காலையில்தான் பெருமாயியைக் கொண்டுவந்தார்கள். பிரபாவதி செய்தி தட்டினாள். அனுப்பியாயிற்று என்று திரையில் வந்தது. பத்து மணியாகியும் ஜீப் வரவில்லை.

"ஏனுங்கய்யா, லைன் இருக்குதுங்களா?" என்றாள்.

"மணி அடிச்சுதா கண்ணு?"

"இல்லீங்க."

"அப்புறம் என்ன?"

உச்சிப்பொழுதில் சின்னராசு எழுந்தான். "டோலி கட்டிடட்டுங்களா, பெரியப்பா?"

"வண்டி வந்துட்டிருக்கும். உட்காரு சாமி."

அவன் உட்கார்ந்தான். என் சொல்லை மீறி எங்கள் வகையறாவில் யாரும் எழுந்ததில்லை.

விடியற்காலையில் மாட்டைக் கட்டும்போதே கூரையைப் பார்த்திருந்தேன். ஆன்டெனா விளக்கு அணைந்திருந்தது. அதைச் சொன்னால் பெட்டியைக் காட்ட வேண்டும். பெட்டியைக் காட்டினால் மறுநாள் வருகிறவர்கள் வரமாட்டார்கள். நாலு மணிக்குப் பெருமாயி போய்விட்டாள், வயிற்றுப் பிள்ளையோடு. தீட்டுக் கழிந்து நிச்சயம் நடந்தது, தையில் கல்யாணம். பந்தியில் ஒரு குறையில்லை. மருமகள் தங்கமானவள்.

அன்றைக்கு மணி அடித்தும் நான் காதில் வாங்காமல் இருந்துவிட்டதாகக் குழந்தைசாமி சொல்லித் திரிகிறான். அது பொய். மணி அடிக்கவே இல்லை.