யானைத் தகவலை வாங்கிக்கிட்டது யாரு?

தேவாரம் பஸ்சுல முன்சீட்டுப் பொண்ணு மடியில லேப்டாப்ப வச்சுக்கிட்டு, கூட வேலை பாக்குற பொண்ணுகிட்ட சொன்னுச்சு:

"செத்துப்போன கன்டெய்னரு இன்னும் பதில் சொல்லுதுடி."

நான் மூணாங்கிளாஸையே மூணு வருசம் படிச்ச மேதை. இருந்தாலும் காத நீட்டினேன்.

"யானை வந்தா ஊருக்குப் போக வேண்டிய மெசேஜெல்லாம், சர்வர்ல ஓடிக்கிட்டிருந்த அந்தப் பழைய கன்டெய்னர் புரோகிராமுக்கே போகுது."

"அதத்தான் நேத்தே அழிச்சிட்டமே?"

"அழிச்சாச்சு. ஆனா 'வாங்கிக்கிட்டேன்'னு பதில் வருது."

"அப்ப யாருடி வாங்குறது?"

"தெரியல. இரு, மெசேஜ் வர்ற வழிய என் லேப்டாப்புக்கு மாத்திட்டேன். இந்தா வந்துருச்சு. மேக்குத் தோட்டத்துல யானை, பத்து நிமிசத்துக்கு முன்னாடி."

"ஆத்தாடி, உங்கப்பா அங்கதான இருக்காரு?"

லேப்டாப் பொண்ணு வெரசா அப்பாவுக்குப் போனப் போட்டுச்சு.

"எடுத்தாச்சுடி. ஆனா பேச்சக் காணோம், மூச்சுதான் கேக்குது."

"பயந்துபோய் இருப்பாரு."

"எங்கப்பா மூச்சு இம்புட்டுப் பெருசா இருக்காதுடி."